மிசின் திருத்துகிறவனிடம் கேட்டவை: மருத்துவ உபகரணங்களை இங்கேயே செய்யலாமா?

இலங்கையின் கிழக்கிலுள்ள ஆஸ்பத்திரிகளில் மிசின் திருத்தியே எனக்கு முப்பது வருஷம் போனது. இப்போது ஓய்வு, மட்டக்களப்பு கல்லடியில் வீடு. தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள், பட்டறைக்காரர், தாதிமார் என்று யாராவது வந்து முற்றத்துக் கதிரையில் இருந்து ஏதாவது கேட்பார்கள். கேட்டதை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதிவிடுகிறேன்.

மருத்துவ உபகரணம் என்றால் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. மாதிரியா? அதெல்லாம் நாங்கள் செய்ய முடியுமா?

இந்த நினைப்பிலேயே பாதிப் பேர் எழும்பிப் போய்விடுகிறார்கள். நாக்கை அமத்திப் பார்க்கும் மரக்குச்சியும் மருத்துவ உபகரணம்தான். பண்டேஜ், சேலைன் தொங்கவிடும் கம்பி, சக்கர நாற்காலி, ஊசி, கையுறை எல்லாமே அந்தக் கணக்கில் வரும். உலகச் சந்தையில் ஏறத்தாழ 20 இலட்சம் வகை உபகரணங்கள் இருப்பதாகவும் அவற்றை 7000க்கு மேற்பட்ட தொகுதிகளாகப் பிரிக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் எம்.ஆர்.ஐ. ஒரு மூலையில் கிடக்கிறது. இறப்பர் கையுறையை இலங்கை பல வருஷமாகச் செய்து ஏற்றுமதியும் செய்கிறது. ஆகவே "முடியுமா" என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

வெளியிலிருந்து வாங்கினால் போதாதா?

2022ஐ மறந்துவிட்டீர்களா? டொலர் இல்லாமல் போனபோது நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். மருத்துவப் பொருட்களில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தையல் நூலும் நரம்பில் ஏற்றும் கனுலாவும் எண்ணி எண்ணிப் பாவித்த வார்ட்டுகளை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, காசு இருக்கிறது என்றே வையுங்கள். வாங்கிய மிசின் இந்த ஊருக்குப் பொருந்த வேண்டுமே. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று சர்க்கியூட் போர்ட்டிலுள்ள கம்பிக் கால்களைத் தின்னும். மாரியில் ஈரம், கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் காலத்தில் சூடு, இடையில் மின்வெட்டு. ஏசி அறைக்குள் ஓடுவதற்கென்று வடிவமைத்த மிசினை இங்கே கொண்டுவந்து வைத்தால் இரண்டாம் மாரியில் அது என் மேசைக்கு வந்துவிடும். வசதி குறைந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் உபகரணங்களில் ஏறத்தாழ 40 வீதம் வேலை செய்யவில்லை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் ஒக்சிஜன் 92க்கும் 96 வீதத்துக்கும் இடையில் என்று கருவி காட்டும்போது உண்மையான அளவு 88க்குக் கீழே இருக்கும் ஆபத்து, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளுக்கு மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். தோலின் நிறம் வெளிச்சத்தை விழுங்குகிறது. எங்கள் தோலில் சோதிக்காத கருவியை எங்கள் பிள்ளையின் விரலில் மாட்டுகிறோம். உள்ளூரில் ஆராய்ச்சி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

வேறு யாராவது இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்களா?

மதுரையைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, கற்றராக்ட் (கண்புரை) சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே செய்தார்கள். 100 டொலரை ஒட்டி விற்ற பொருள் 10 டொலருக்கும் கீழே வந்தது. அவர்களிடம் ஒரு வசதி இருந்தது: செய்கிறவரும் பாவிக்கிறவரும் ஒரே வீட்டுக்காரர். லென்ஸில் பிழை என்றால் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் அடுத்த நாளே வந்து சொல்லிவிடுவார்.

திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனம் இதய வால்வு செய்தது இன்னொரு கதை. முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவதைத்தான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வேலை. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் அந்த வால்வு வருஷத்துக்கு 3 கோடி 60 இலட்சம் தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். மூன்று தடவை தோற்றவர்களுக்கு நான்காம் தடவையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது அரசு. ஆராய்ச்சிக்கு ஆதரவு என்று நான் சொல்வது அதைத்தான். பரிசளிப்பு விழாவை அல்ல.

எங்கள் நாட்டில் யார் காசு தருவார்கள்?

தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை இரண்டும் ஆராய்ச்சி மானியம் தருகின்றன. பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அந்தக் கதவு லேசாகத் திறக்கும். வெளியே இருப்பவர் ஒரு விரிவுரையாளரைக் கூட்டாளியாகப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. தனியாளாகக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த புத்தாக்குநர் ஆணைக்குழு இருக்கிறது. 'சஹசக் நிமவும்' என்ற கண்டுபிடிப்புக் கண்காட்சியை நடத்துவது அவர்கள்தான். பிரதேச செயலகங்களோடு சேர்ந்த விதாதா வள நிலையங்களையும் எட்டிப் பாருங்கள். சின்ன வேலைக்கு அங்கே வழி சொல்வார்கள்.

ஆனால் பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது 0.1 வீதத்தை ஒட்டித்தான். தென்கொரியா 5 வீதத்துக்குக் கிட்ட. அதனால் இங்கே கிடைக்கும் காசு பெரும்பாலும் முதல் மாதிரியைச் செய்வதோடு முடிந்துவிடும்.

முதல் மாதிரி வேலை செய்கிறதே, பிறகேன் நின்றுபோகிறது?

நான் செய்த பிழையையே சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் இன்குபேட்டரில் பிள்ளையின் தோலில் ஒட்டுகிற வெப்ப உணரி ஒன்று உண்டு. அதன் வாயில் பட்டாணியைவிடச் சிறிய தெர்மிஸ்டர் இருக்கும். சூடு கூடினால் அதன் தடை குறையும். பாகைக்கு ஏறத்தாழ 4 வீதம். அந்த உணரி வயர் அடிக்கடி அறுந்துபோகும். புதிதுக்கு எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் வராது. நான் அதே பெறுமானத்தில் தெர்மிஸ்டர் வாங்கி, வயரோடு ஈயம் வைத்து, எபொக்சி பசையால் மூடி ஒன்று செய்தேன். வெந்நீரில் ஒரு நாள் முழுக்கப் பாதரச வெப்பமானியோடு வைத்து ஒப்பிட்டேன். அச்சொட்டாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு மிஸி என்னைக் கூப்பிட்டார். "சேர், மிசின் 36.5 காட்டுது, பிள்ளையின்ட கால் குளிருது, எனக்குப் பிடிக்கல்ல" என்றார். கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஸ்பிரிட்டால் துடைத்ததில் பசை மயிரளவு வெடித்து உள்ளே ஈரம் போயிருந்தது. ஈரம் மின்சாரத்துக்குப் பக்கவழி விட்டது. தடை 2 வீதம் குறைந்தாலே அரைப் பாகை கூடக் காட்டும். பிள்ளை சூடாக இருக்கிறது என்று நினைத்து மிசின் ஹீட்டரைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நல்ல காலம், அந்தத் தாதி எண்ணை நம்பாமல் கையை நம்பினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூன்று நாள் நித்திரை இல்லை.

நான் சோதித்தது ஒரு நாள். சோதித்திருக்க வேண்டியது நூறு தடவை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகு, ஆயிரம் தடவை வளைத்த பிறகு, ஈரப்பெட்டிக்குள் ஒரு மாதம் வைத்த பிறகு. இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்கவைக்கும் முறைக்குப் பெயர் ஆபத்து மேலாண்மை. அதற்கான சர்வதேசத் தரக்கட்டளை ஐ.எஸ்.ஓ. 14971. மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி என்றால் ஐ.ஈ.சி. 60601. நோயாளியின் உடம்பில் படும் பகுதியிலிருந்து சாதாரண நிலையில் 100 மைக்ரோ அம்பியருக்கு மேல் மின்சாரம் கசியக் கூடாது, இதயத்தோடு நேரே தொடர்புபடும் பகுதி என்றால் வெறும் 10 என்று அது வரையறுக்கிறது. தோலிலோ புண்ணிலோ படும் பொருள் நஞ்சா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 10993.

இந்தச் சோதனைகளுக்கு ஆய்வுகூடம் வேண்டும், காலம் வேண்டும், காசு வேண்டும். கண்காட்சியில் வைத்துப் படம் எடுக்க எதுவும் கிடைக்காது. ஆகவே இந்தக் கட்டத்துக்கு யாரும் காசு தர விரும்புவதில்லை. பிள்ளைகளின் எத்தனையோ நல்ல யோசனைகள் இங்கேதான் செத்துக் கிடக்கின்றன.

இந்தச் சோதனைகளை இலங்கையில் எங்கே செய்யலாம்?

கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. பொருளின் கலவை, உறுதி போன்றவற்றுக்கு அங்கே போகலாம். ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம். கிருமி நீக்கத்துக்கு பியகமவில் கமா கதிர் நிலையம் உண்டு. பெட்டியோடு கொடுத்தால் பெட்டியோடு கிருமி நீக்கித் தருவார்கள். வழமையான கதிர் அளவு 25 கிலோகிரே.

எல்லாம் மேற்குக் கரையில். மட்டக்களப்பிலிருந்து ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க இரவு ரயில், ஒரு நாள் லீவு, திரும்ப இரவு ரயில். ஒரு திருகாணியை மாற்றினால் மறுபடியும் அதே பயணம். கொழும்பில் இருப்பவருக்கு இது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை.

அனுமதி எங்கே எடுப்பது? சின்னச் சாமானுக்கும் வேண்டுமா?

வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ்தான் மருந்தைப் போல உபகரணமும் வருகிறது. பதியாமல் செய்து விற்க முடியாது.

உலகில் பல நாடுகள் உபகரணங்களை ஆபத்தைப் பொறுத்து நாலு படிகளாகப் பிரிக்கின்றன. கீழ்ப் படியில் பண்டேஜ், நாக்குக் குச்சி. அடுத்தது ஊசி, சளி உறிஞ்சும் கருவி. அதற்கு மேல் வென்டிலேட்டர். உச்சியில் இதய வால்வு. படி ஏற ஏறக் கேட்கும் ஆதாரமும் கூடும். கீழ்ப் படியில் தொடங்குங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. கேட்கிறவர்களோ வென்டிலேட்டரில்தான் நிற்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அந்த ஆசை தெருவெல்லாம் இருந்தது.

அப்புறம், ஐ.எஸ்.ஓ. 13485 என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எந்தத் தொகுதிச் சாமானை எந்தத் திகதியில் யார் செய்தார், எதை மாற்றினார், முறைப்பாடு வந்தால் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் ஒழுக்கம்தான் அதன் உயிர். கணக்குக் கொப்பி ஒழுங்காக வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது பழகிவிடும்.

தெரிந்த வைத்தியரிடம் சொல்லி நாலு நோயாளியில் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. வைத்தியர் உங்கள் மச்சானாக இருந்தாலும் கூடாது. முதலில் ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் கேளுங்கள். நோயாளிக்கு அவருடைய பாஷையில் விளக்கி, எழுத்தில் சம்மதம் எடுக்க வேண்டும். நோயாளிகளில் செய்யும் மருத்துவச் சோதனை என்ற அளவுக்குப் போனால் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும், அந்தச் சோதனையைப் பதியவும் வேண்டும். என் உணரிக் கதையை இன்னொருக்கா வாசித்துவிட்டு இந்தக் கேள்விக்கு வாருங்கள்.

நான் கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னால் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலின் சில்லு, சேலைன் கம்பி, கழிவறைக் கதிரை, நடக்கும் சட்டம், சக்கர நாற்காலி இவையெல்லாம் கீழ்ப் படிச் சாமான்கள், ஒவ்வொரு நாளும் உடைகிறவை. இறக்குமதி நாற்காலியின் முன் சில்லு சின்னது, வழுவழுப்பான தரைக்குச் செய்தது. எங்கள் ஊர் மணல் ஒழுங்கையில் அது புதைந்து நிற்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வரம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய, அகலமான முன் சில்லோடு, சைக்கிள் கடையில் கிடைக்கும் போல்றேசால் (பேரிங்) திருத்தக்கூடிய நாற்காலி ஒன்றை வடிவமைத்தால் அது உண்மையான ஆராய்ச்சி.

எவர்சில்வரிலும் கவனம். கடலுக்குத் தூரமான ஊர்களில் 304 தரம் போதும், கடற்கரையில் 316 வேண்டும். பற்றவைத்த இடத்தை அமிலம் போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். பற்றவைத்த துண்டை ஒரு மாரி முழுக்கக் கடற்கரையில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆய்வுகூடத்து உப்பு மூட்டச் சோதனைக்கு அது ஈடில்லை, ஆனாலும் இலவசம்.

மருதமுனைக் கைத்தறிக்காரர் ஒருவர் பண்டேஜ் துணி பற்றிக் கேட்டார். தறி அல்ல பிரச்சினை. நூலுக்குப் போட்ட கஞ்சி முழுக்கப் போக வேண்டும், தண்ணீரில் போட்டதும் துணி தாழ வேண்டும், புண்ணில் நூல் உதிரக் கூடாது. முதல் இரண்டையும் வீட்டுப் பேசினிலேயே பார்க்கலாம். ஃபைபர் கிளாஸில் தோணி செய்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. அச்சு எடுக்கத் தெரிந்தவரின் கை, மஞ்சள் காமாலைப் பிள்ளைகளுக்கான ஒளிச்சிகிச்சை விளக்கின் மூடியையும் செய்யும்.

செயலி மட்டும் செய்தால் இந்தத் தொல்லை இல்லையே?

நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தின் அளவைத் தீர்மானிக்கவோ உதவும் மென்பொருளை உலகெங்கும் உபகரணமாகவே பார்க்கிறார்கள். தப்ப முடியாது.

பேடன்ட் எடுக்க வேண்டுமா?

முதலில் அதற்கு ஓடாதீர்கள், ஆனால் கண்காட்சியில் காட்டுவதற்கு முன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம், 20 வருஷப் பாதுகாப்பு. சிகிச்சை முறைக்குப் பேடன்ட் கிடையாது, அதற்குப் பாவிக்கும் கருவிக்கு உண்டு.

இதற்கு எங்கே படிப்பது?

மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டம் இருக்கிறது. கிட்டடியில் என்றால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம். எங்கே படித்தாலும் வார்ட்டுக்குப் போய் ஒரு இரவு நில்லுங்கள். மிசினின் அலாரத்தை எந்தத் தாதி எதற்காக நிறுத்துகிறார் என்று பாருங்கள். இறுதி வருடச் செயற்திட்டத்துக்கு அங்கேயே பத்துத் தலைப்புக் கிடைக்கும்.

கடைசியில் யார் வாங்குவார்கள்?

நாட்டின் இலவச வைத்தியத்தில் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். அரசு கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும்போது முன்பு எத்தனை வருஷம் விநியோகித்தீர்கள் என்று கேட்கும். விநியோகிப்பதற்கோ ஒரு முதல் ஓடர் கிடைக்க வேண்டும். கலியாணமானால் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கலியாணம் என்ற கதை. உள்ளூரில் செய்து சோதனையில் தேறிய சாமானை ஒரு சிறு தொகை முதலில் வாங்கி, இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் ஒரு வருஷம் ஓடவிட்டுப் பார்க்க வழி வேண்டும். ஒரு கோடி ரூபா மானியத்தைவிட அந்த முதல் ஓடர் பெறுமதி.

மட்டக்களப்பில் மருத்துவ உபகரண வலயம் ஒன்று வருமா?

ஆந்திராவில் விசாகப்பட்டினத்தில் 270 ஏக்கரில் மெட்டெக் வலயம் கட்டினார்கள். 2018இலிருந்து ஓடுகிறது. அங்கே எனக்குப் பிடித்தது நிலமல்ல. மின்காந்தச் சோதனை, உயிரியல் சோதனை, கமா கதிர் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து, சின்னக் கம்பனிகள் வாடகைக்குப் பாவிக்கவிட்டார்கள்.

எங்களுக்கு 270 ஏக்கர் வேண்டாம். ஓர் அறை போதும். மின்கசிவு அளக்கும் கருவி ஒன்று, ஈரப்பெட்டி ஒன்று, இழுத்து முறிக்கும் மிசின் ஒன்று, தரக்கட்டளைகளின் பிரதிகள், அவற்றைத் தமிழில் விளங்கப்படுத்தச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ வைக்கலாம். மட்டக்களப்பானும் அம்பாறையானும் எங்கே வைப்பது என்று சண்டை பிடிக்காவிட்டால் நல்லது. பிடிப்பார்கள்.

என் அம்மம்மாவின் இன்சுலினுக்கு நான் செய்த பானை மருத்துவ உபகரணமா?

வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி கேட்டது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், உள்ளே இன்சுலின் குப்பி. யோசனை பழையது, நல்லது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். பானை அந்த அளவுக்கு இறங்காது. பாவனையில் இருக்கும் குப்பியைச் சூட்டிலிருந்து காப்பாற்றத்தான் அது உதவும்.

"எத்தனை பாகை குறையுது மகள்?" என்று கேட்டேன். "நல்லாக் குறையுது" என்றாள். அவளிடம் வெப்பமானி ஒன்றைக் கொடுத்தேன். காலை, மத்தியானம், இரவு, உள்ளேயும் வெளியேயும் பார்த்து எழுது என்றேன். கச்சான் அடிக்கும்போது காற்று வறண்டிருக்கும், தண்ணீர் லேசாக ஆவியாகும், பானை குளிரும். மார்கழி மழையில் காற்றே நனைந்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. ஆவணி முடியும்வரைக்கும் எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு நாள்கூட விடவில்லை, காய்ச்சல் வந்த இரண்டு நாளுக்கு அம்மம்மாவின் கையெழுத்து. மிச்சத்துக்கு மாரி வரட்டும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.